கொற்கை முத்தும் இத்தாலிய மதுவும்

தாமிரபரணியின் முகத்துவாரத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கி, ஆறு கொண்டுவந்து குவித்த வண்டலால் கடல் விலகிப் போனபின் தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூராக ஒடுங்கிவிட்ட கொற்கைக்கு, இத்தாலியத் திராட்சைத் தோட்டங்களின் வரலாற்றில் உரிய இடம் உண்டு. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கு அகழ்ந்தெடுத்த கரித்துண்டின் காலம் பொ.ஆ.மு. 785 எனக் கணிக்கப்பட்டது; சங்கு அறுக்கும் தொழில் நடந்ததற்கான சான்றுகளும் இங்குக் கிடைத்துள்ளன. பொ.ஆ. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடல் வழிநூல்’ என்னும் வணிகக் கையேடு, பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்று குறிப்பதோடு, சேரநாட்டு முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளில் சிறிதளவு மதுவையும், அங்கிருந்து ஏறிய சரக்குகளில் மிளகோடு முத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

மது வந்த கலம் ஆம்போரா, அதாவது நீண்ட கழுத்தும் இரு கைப்பிடிகளும் கூரிய அடியும் உடைய, கப்பலின் அடித்தளத்தில் நெருக்கமாக அடுக்குவதற்கேற்ற சுடுமண் சாடி. மது கசியாதிருக்க அதன் உட்புறத்தில் பிசின் பூசினார்கள். வெசுவியஸ் எரிமலையைச் சூழ்ந்த கம்பானியா வட்டாரத்துச் சாடிகளின் களிமண்ணில் எரிமலை மணலின் கருந்துகள் கலந்திருப்பதால், உடைந்த ஓட்டைக் கொண்டே பிறந்த இடத்தைத் தொல்லியலாளர் கண்டறிகிறார்கள். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளோடு கம்பானியாச் சாடிகளும் கிடைத்தன. அத்தகைய மது அரண்மனைப் பந்திவரை சென்றதற்குப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு சான்றாகும்: இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை வாழ்த்தும் நக்கீரர், யவனர், அதாவது மேற்கிலிருந்து வந்த கிரேக்க, ரோமானிய வணிகர், கொணர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாளும் ஊட்ட அவன் மகிழ்ந்திருக்க வேண்டுமென்கிறார். பருகும் பொருளோடு அதை ஏந்தும் கலத்தின் அழகும் பாட்டில் சேர்ந்தே வருவது கருதத்தக்கது.

இதே சேர்க்கையை மது பிறந்த மண்ணிலும் காணலாம். வெசுவியசின் அடிவாரத்தில் போஸ்கோரியாலே என்னுமிடத்தில், பொ.ஆ. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பண்ணை வீடொன்றில், திராட்சை பிழியும் கூடத்தோடு, மதுவைப் பதப்படுத்துவதற்காகத் தரையில் கழுத்துவரை புதைத்த பெருந்தாழிகளும் வெளிப்பட்டன; 1895இல் அங்கேயே ஒரு வெள்ளிப் புதையலும் அகப்பட்டது. இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள அக்கலங்களில் இரு கிண்ணங்கள், எபிக்கூரஸ், சீனோ முதலான கிரேக்க அறிஞரை எலும்புக்கூடுகளாகப் புடைப்பில் காட்டி, உயிருள்ளபோதே வாழ்வை நுகருமாறு குடிப்பவரை அழைக்கின்றன. வாணிகச் சரக்கைச் செய்த பண்ணையிலேயே மெய்யியலைப் பந்தியில் பேசவைக்கும் சிற்பமும் புழங்கியது வியப்புக்குரியது.

மதுவையும் கலையையும் இணைக்கும் அம்மரபு இன்றும் உயிரோடிருப்பதை வட இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில், ஆல்பா நகரைச் சார்ந்த செரெட்டோ குடும்பம் காட்டுகிறது. நெபியோலோ என்னும் கருந்திராட்சையிலிருந்து பரோலோ, பார்பரெஸ்கோ மதுக்களைச் செய்யும் இக்குடும்பத்தின் துணையோடு 2005இல் தொடங்கப்பட்ட பியாட்சா டுவோமோ உணவகம், என்ரிக்கோ கிரிப்பாவின் சமையலால் 2012இல் மிச்செலின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களை எட்டியது. ஆயினும் குடும்பத்தின் பெருமைக்குரிய செயல் லா மோர்ரா ஊரிலுள்ள திராட்சைத் தோட்டத்தில் உள்ளது: 1914இல் தொழிலாளர் மழைக்கும் ஆலங்கட்டிக்கும் ஒதுங்குவதற்காகக் கட்டப்பட்டு, வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்படாமலே சிதைந்து கிடந்த சிற்றாலயத்தை, 1999இல் வெளிப்புறத்தை ஓவியர் சால் லெவிட்டும் உட்புறத்தை ஓவியர் டேவிட் ட்ரெம்லெட்டும் வண்ணம் தீட்டிப் புதுப்பிக்குமாறு அக்குடும்பத்தார் செய்தார்கள்.

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய ஊர்களின் தொல்பொருள்களுக்கென நெல்லை ரெட்டியார்பட்டியில் எழுந்துள்ள பொருநை அருங்காட்சியகம், செரெட்டோ குடும்பத்தின் இவ்வுதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம். கொற்கைச் சங்கையும் முத்தையும், அவற்றோடு கைமாறிய யவனத் தேறலையும் ஒரே பந்தியாக விளங்கவைக்கும் பணியை, காட்சிப்பேழைகளோடு நிறுத்தாமல் இன்றைய தமிழ் ஓவியர்களிடமும் சிற்பிகளிடமும் ஒப்படைப்பது இத்துறைமுகத்தின் வரலாற்றுக்கு முற்றிலும் பொருந்தும்.