பறந்து போன கூடாரம்!

குட்டி நண்பர்களே, உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் வைக்கும் மேல் தட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் தாங்குவதே கஷ்டம், இல்லையா? அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி அளவில்தான் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி வரை இறங்கிய குளிரில், துணிக் கூடாரத்தை நம்பி மூன்று பேர் ஐந்து வாரம் பயணம் போனார்கள். பகலிலும் சூரியன் தலைகாட்டாத காலத்தில் போனார்கள். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? தங்கமா? வைரமா? இல்லை, முட்டைக்காக!

நடந்தது 1911ஆம் ஆண்டு, அண்டார்டிகாவில். ராபர்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் தலைமையில் ஒரு குழு தென்துருவத்தை அடைவதற்காக அங்கே போயிருந்தது. ராஸ் தீவில் எவன்ஸ் முனை என்ற இடத்தில் மரவீடு கட்டித் தங்கியிருந்தார்கள். அங்கே ஏப்ரல் கடைசியில் மறைகிற சூரியன் ஆகஸ்டில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். நமக்கு ஜூன், ஜூலை என்றால் பள்ளிக்கூடம் திறந்து புதுப் புத்தகத்துக்கு அட்டை போடும் காலம். அவர்களுக்கோ அதுதான் நடுக் குளிர்காலம்.

அதே தீவின் மறுகோடியில், டெரர் என்ற பனிமலையின் அடிவாரத்தில் குரோசியர் முனை இருக்கிறது. எம்பரர் பென்குயின்கள் அங்கே கூட்டமாக வந்து முட்டையிடும். அண்டார்டிகாவின் கடுங்குளிர்காலத்தில் முட்டையிடும் பறவை இது ஒன்றுதான். கூடு கட்டாது. அப்பா பென்குயின் முட்டையைத் தன் பாதங்களின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, இரண்டு மாதம் சாப்பிடாமல் நின்றுகொண்டே அடைகாக்கும்!

ஸ்காட்டின் குழுவில் இருந்த டாக்டர் எட்வர்ட் வில்சனுக்கு ஒரு யோசனை. பென்குயின் மிகப் பழமையான பறவை இனம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். முட்டைக்குள் வளரும் கருவைப் பார்த்தால், ஊர்வனவற்றின் செதில்கள் எப்படிப் பறவையின் இறகாக மாறின என்று தெரியலாம் அல்லவா? ஆனால் கரு உள்ளே இருக்கும்போதே முட்டையை எடுக்க வேண்டும். அதற்குக் குளிர்காலத்திலேயே போக வேண்டும். அதற்கு முன்பு அப்படிப் போனவர்கள் யாரும் இல்லை.

வில்சனோடு இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் ஹென்றி பவர்ஸ். முன்பு நம் இந்தியாவில், ஆங்கிலேய அரசின் கடற்படைப் பிரிவில் வேலை பார்த்தவர். குட்டையான உருவம், பெரிய மூக்கு. அதனால் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் 'பேர்டி', அதாவது குருவி! மற்றவர் ஆப்ஸ்லி செர்ரி-கெரார்டு, வயது 25. பாவம், அவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் தூரத்தில் எதுவும் தெரியாது. அந்தக் குளிரிலோ கண்ணாடி போட்டால் மூச்சுக்காற்று அதன் மேல் உறைந்துவிடும். ஆகவே, கண்ணாடி போடாமலேயே இருட்டில் நடந்தார்.

ஒரு அடி முன்னே, இரண்டு அடி பின்னே!

ஜூன் 27ஆம் தேதி புறப்பட்டார்கள். போக வேண்டிய தூரம் சுமார் 100 கிலோமீட்டர். சக்கரம் இல்லாத ஸ்லெட்ஜ் என்னும் சறுக்கு வண்டிகள் இரண்டு. அவற்றில் கூடாரம், சாப்பாடு, மண்ணெண்ணெய், ஸ்டவ் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 340 கிலோ. நாயும் இல்லை, குதிரையும் இல்லை. மூன்று பேரும் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு தாங்களே இழுத்தார்கள்.

பனிதானே, வழுக்கிக்கொண்டு போகாதா என்று கேட்பீர்கள். சாதாரணக் குளிரில் போகும். வண்டியின் கட்டை உரசும்போது பனியின் மேற்பரப்பு லேசாக இளகும், அதனால் வழுக்கும். மிகக் கடுமையான குளிரில் பனி இளகுவதே இல்லை. கடற்கரை மணலில் கட்டிலை இழுப்பது போலத்தான். ஆகவே இரண்டு வண்டிகளையும் ஒன்றாக இழுக்க முடியவில்லை. ஒன்றைக் கொஞ்ச தூரம் இழுத்து நிறுத்திவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கள் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்து மற்றதை இழுத்தார்கள். ஒரு கிலோமீட்டர் முன்னேற மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும்! நாள் முழுக்க உழைத்தும் மூன்று கிலோமீட்டரைத் தாண்டாத நாட்கள் உண்டு. ஜூலை 6ஆம் தேதி வெப்பமானி காட்டியது பூஜ்யத்துக்குக் கீழே 60.8 டிகிரி செல்சியஸ்.

ஒருநாள் காலையில் செர்ரி கூடாரத்தை விட்டு வெளியே வந்து தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். அவ்வளவுதான்! வியர்வையால் ஈரமாயிருந்த உடைகள் அப்படியே உறைந்து தகரம் மாதிரி ஆகிவிட்டன. தலையைக் குனியவே முடியவில்லை. நான்கு மணி நேரம் வானத்தைப் பார்த்தபடியே வண்டி இழுத்தார். அன்றிலிருந்து மூவரும் வெளியே வந்தவுடன் வண்டி இழுக்கும் நிலையில் குனிந்துகொள்வார்களாம். உடை அந்த நிலையில் உறைந்தால் வேலைக்காவது ஆகுமே!

கம்பளி சூடு தருமா?

இங்கே ஒரு கேள்வி. கம்பளிப் போர்வை நமக்குச் சூடு தருகிறதா? 'ஆமாம்' என்றால் மார்க் கிடையாது! போர்வையிடம் சூடே இல்லை. சூடு நம் உடம்பில் இருந்துதான் வருகிறது. போர்வை அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, ஃபிளாஸ்க் காபியைப் பிடித்து வைப்பது போல. போர்வையின் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றுதான் உண்மையான காவல்காரன்.

அந்த மூவரும் கலைமான் தோலால் செய்த உறக்கப் பைகளில் படுத்தார்கள். பைக்குள் நுழைந்து, தலைவரை மூடிக்கொண்டு தூங்க வேண்டும். ஆனால் மூச்சுக்காற்றில் ஈரம் உண்டு. உடம்பில் வியர்வையும் உண்டு. நம் ஊரில் அது காற்றோடு போய்விடும். அங்கே வெளியே போகும் வழியிலேயே உறைந்து, ரோமத்துக்கு நடுவே ஐஸ் கட்டியாகத் தங்கிவிட்டது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் ஐஸ்! காய வைக்க வெயிலும் கிடையாது. புறப்பட்டபோது 8 கிலோ இருந்த செர்ரியின் பை, திரும்பி வந்தபோது 20 கிலோ. கூடுதல் 12 கிலோவும் அவர் தன் உடம்பிலிருந்தே கொடுத்த தண்ணீர்தான். பகலில் பலகை போல் விறைத்துவிடும் பைக்குள், இரவில் காலை நுழைத்து, உடம்புச் சூட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி உள்ளே போவதற்கே ஒரு மணி நேரம்கூட ஆகுமாம். நடுக்கத்தில் செர்ரியின் பற்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. பவர்ஸிடம் பைக்குள் வைத்துக்கொள்ளும் இறகு மெத்தை ஒன்று பயன்படுத்தாமல் இருந்தது. அதைச் செர்ரிக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் குளிரில் யாருக்கு மனசு வரும்!

இன்று இமயமலையிலும் ஆல்ப்ஸ் மலையிலும் குளிர்காலத்தில் முதுகுப் பையோடு ஏறிக் கூடாரம் போடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் இந்த ஈரம்தான் முதல் எதிரி. அதனால்தான் வியர்க்க விடாமல் மெதுவாக நடக்கிறார்கள். ஏறும்போது ஒரு சட்டையைக் கழற்றி, நின்றவுடன் மாட்டிக்கொள்கிறார்கள். உறைபனியாக இருந்தாலும் கூடாரத்தின் காற்றுத் துவாரத்தை அடைப்பதில்லை. மூடிய கூடாரத்துக்குள் ஸ்டவ்வோ கரி அடுப்போ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். குடிதண்ணீருக்கு என்ன செய்வார்கள்? பனியை உருக்க வேண்டியதுதான். ஒரு பாத்திரம் நிறையப் புதுப் பனியை உருக்கினால் அடியில் கொஞ்சூண்டு தண்ணீர்தான் நிற்கும்! அந்தத் தண்ணீர் பாட்டிலையும் தலைகீழாக வைப்பார்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறைய ஆரம்பிக்கும். மூடி கீழே இருந்தால் காலையில் திறக்கலாமே!

புயல் வந்தது

சரி, டெரர் மலைக்குத் திரும்புவோம். ஜூலை நடுவில் மூவரும் குரோசியர் முனையை அடைந்தார்கள். மலைச்சரிவில் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். ஒரு ஸ்லெட்ஜை உத்திரமாக வைத்து, மேலே கித்தான் துணியைக் கூரையாகப் போட்டார்கள். பக்கத்திலேயே கூடாரத்தையும் அடித்தார்கள். பிறகு பனிப்பாறை இடுக்குகளில் தவழ்ந்து, வழுக்கி, பென்குயின் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைத்த இடத்தில் இருந்தவை நூறு பறவைகள்தான். ஐந்து முட்டைகளை எடுத்தார்கள். இருட்டில் தடுமாறித் திரும்பும்போது, செர்ரி கையுறைக்குள் வைத்திருந்த இரண்டு முட்டைகள் உடைந்துபோயின. மிச்சம் மூன்று.

ஜூலை 22ஆம் தேதி புயல் அடித்தது. ரயில் எஞ்சின் காதுக்குள் ஓடுவது போன்ற சத்தம். பவர்ஸ் வெளியே எட்டிப் பார்த்தார். கூடாரம் இருந்த இடத்தில் கூடாரத்தைக் காணோம்! உள்ளே இருந்த சாமான்கள் பலவும் அப்படியே கிடந்தன. கூடாரம் மட்டும் பறந்துவிட்டது.

இது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா? வீட்டுக்கு 100 கிலோமீட்டர். கூடாரம் இல்லாமல் வழியில் ஒரு இரவு தங்குவதே அரிது. மறுநாள் கல்வீட்டின் கித்தான் கூரையும் படபடவென்று அடித்துக்கொண்டு, துண்டு துண்டாகக் கிழிந்து போனது. அன்று வில்சனின் 39ஆவது பிறந்தநாள்! மூவரும் உறக்கப் பைகளுக்குள் சுருண்டு படுத்தார்கள். பனி அவர்கள் மேல் விழுந்து மூடியது. ஒரு விதத்தில் அந்தப் பனியே போர்வையாகவும் ஆனது. சாப்பாடு இல்லை. தாகம் எடுத்தால் ஒரு சிட்டிகை பனியை வாயில் போட்டுக்கொண்டார்கள். அவ்வப்போது ஒருவரை ஒருவர் தட்டி, 'இருக்கிறாயா?' என்று பார்த்துக்கொண்டார்கள். பாட்டுப் பாடினார்கள். செர்ரிக்கு ஒரே ஒரு ஆசைதான், சர்க்கரைப் பாகில் ஊறிய பீச் பழம் வேண்டுமாம்!

இரண்டு நாள் கழித்துக் காற்று கொஞ்சம் ஓய்ந்தது. தேடினார்கள். கூடாரம் கிடைக்கவில்லை. கூடாரத்தின் தரைவிரிப்பைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைத்தார்கள். அந்தக் கஞ்சியில் மான் ரோமமும் பென்குயின் இறகும் மிதந்தன. ஆனாலும் அமிர்தமாக இருந்ததாம். பிறகு மறுபடி தேடக் கிளம்பினார்கள். சரிவின் அடியில், சுமார் 800 மீட்டர் தள்ளி, பவர்ஸ் அதைக் கண்டுபிடித்தார்!

எப்படித் தப்பியது? அந்தக் கூடாரத்துக்கு மூங்கில் கழிகள்தான் எலும்புக்கூடு. உச்சியில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், குடைக் கம்பிகள் போல. காற்று வெடுக்கென்று தூக்கியபோது கழிகள் ஒன்று சேர்ந்து, மடக்கிய குடை மாதிரி மூடிக்கொண்டன. விரிந்தபடி பறந்திருந்தால் கிழிந்து கடலுக்குப் போயிருக்கும். மூடிக்கொண்டதால் காற்றுக்குப் பிடி கிடைக்கவில்லை.

இன்னொரு முறை முட்டை எடுக்கப் போகலாமா என்று கேட்டாராம் பவர்ஸ். என்ன மனிதர் பாருங்கள்! வில்சன் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். அன்றிரவு படுக்கும்போது பவர்ஸ் கூடாரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன்னோடு கட்டிக்கொண்டார். கூடாரம் போனால் தானும் கூடவே போய்விடுவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி மரவீட்டை அடைந்தார்கள். ரொட்டி, ஜாம், கோகோ கிடைத்தன. பிறகு ஒரே தூக்கம்!

வில்சனும் பவர்ஸும் அதே ஆண்டு ஸ்காட்டோடு தென்துருவத்துக்குப் புறப்பட்டார்கள். 1912 ஜனவரி 17இல் துருவத்தை அடைந்தபோது, நார்வே நாட்டின் அமுண்ட்சன் ஒரு மாதம் முந்திவிட்டது தெரிந்தது. திரும்பும் வழியில், உணவுக் கிடங்குக்குச் சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில், மார்ச் மாதம் கூடாரத்துக்குள்ளேயே ஸ்காட்டும் அவர்கள் இருவரும் இறந்துபோனார்கள். நவம்பரில் அந்தக் கூடாரத்தைக் கண்டுபிடித்த தேடுதல் குழுவில் செர்ரியும் இருந்தார். இறந்து கிடந்த இருவரும் தன்னோடு அந்தக் கல்வீட்டில் பாட்டுப் பாடியவர்கள். அந்தக் குளிர்காலப் பயணத்தை அவர் எழுதிய புத்தகம் 1922இல் வெளிவந்தது.

மூன்று முட்டைகளையும் 1913இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அவற்றின் ஆராய்ச்சி முடிவு 1934இல்தான் வந்தது. வில்சன் எதிர்பார்த்த பெரிய ரகசியம் எதுவும் அவற்றில் கிடைக்கவில்லை. கருவை எடுப்பதற்காக ஓட்டில் வெட்டிய துளையோடு முட்டைகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. கல்வீடு என்ன ஆயிற்று? எவரெஸ்ட்டில் ஏறிய அதே எட்மண்ட் ஹிலாரி 1957இல் டிராக்டர் ஓட்டிக்கொண்டு குரோசியர் முனைக்குப் போனார். கூரை இல்லாத அந்தக் கற்சுவர்கள் டெரர் மலைச்சரிவில் அப்படியே நின்றுகொண்டிருந்தன.