வீட்டுவழிக் கல்வி மாணவர்களுக்கான பொதுத் தேர்வுகள்

வீட்டுவழிக் கல்வி என்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் கற்பிப்பது, அல்லது ஆசிரியர் ஒருவரை அமர்த்திக் கற்பிப்பது ஆகும். ஹோம்ஸ்கூலிங் என்ற பெயராலும் இது அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இவ்வாறு கற்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் எழுத வேண்டிய கட்டாயத் தேர்வு எதுவும் இல்லை. ஆனால் கல்லூரியில் சேரவும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவும் ஏற்கப்பட்ட பொதுத் தேர்வின் சான்றிதழ் தேவை. அந்தச் சான்றிதழை எந்த வழியில் பெறுகிறார் என்பதைப் பொறுத்தே ஒரு மாணவரின் பிற்கால வாய்ப்புகள் அமைகின்றன. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி போன்ற சிறு நகரங்களில் இந்தத் தேர்வு வழிகளுக்கு இடையிலான வேறுபாடு இன்னும் கூடுதலாக உணரப்படும்.

சட்ட நிலை

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று இதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லவும் இல்லை. ஆகவே இந்தியாவில் இம்முறை தடை செய்யப்பட்டதும் அன்று. வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டதும் அன்று.

தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையும் வாரியத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டியதில்லை என்று அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு கூறுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு நடத்த வழிவகுத்தது. தமிழ்நாடு அரசு அவ்வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத் தேர்வை 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. வட கரோலினாவில் வீட்டில் கற்கும் மாணவர் ஆண்டுதோறும் தரப்படுத்தப்பட்ட தேர்வு ஒன்றை எழுத வேண்டும். ஜார்ஜியாவில் 3ஆம் வகுப்பு முடிவில் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்வு உண்டு. டெக்சசில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வதே கட்டாயம் என்பதால் வீட்டுவழிக் கல்விக்கு ஏறத்தாழ இடமில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் தேர்வு, பிள்ளையின் கற்றலை இடையிடையே கண்காணிக்கும் கருவியாக உள்ளது. தமிழ்நாட்டில் அது கல்வியின் முடிவில் சான்றிதழ் பெறும் வழியாக மட்டுமே உள்ளது.

தமிழ்நாட்டில் பொதுத் தேர்வின் வளர்ச்சி

திண்ணைப் பள்ளிகளின் காலத்தில் மாணவரின் தகுதியை அவருடைய ஆசிரியரே மதிப்பிட்டார். 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வு, பல ஊர் மாணவர்களை ஒரே வினாத்தாளால் அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு வந்தது. 1975இல் அரசுத் தேர்வுகள் துறை தனி இயக்ககமாக்கப்பட்டது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. பள்ளியில் பயிலாமல் இத்தேர்வுகளை எழுதுவோர் தனித்தேர்வர் எனப்படுவர்.

தேர்வு வழிகள்

மாநில வாரியம்: அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வர்களுக்கென்றே ஒரு தேர்வை நடத்துகிறது. இதை எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்கள் உள்ளன. பள்ளிச் சான்றே இல்லாத ஒருவருக்கு இதுவே முதல் அரசுச் சான்றாக அமையும். அடுத்து பத்தாம் வகுப்பு, மேல்நிலைத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். தேர்ச்சி மதிப்பெண் 35. மேல்நிலை முதலாம் ஆண்டுக்கு 2017-18 முதல் நடந்த பொதுத் தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டது.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி: என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் இந்நிறுவனம் 1989இல் தேசியத் திறந்த பள்ளியாகத் தொடங்கியது. 2002இல் இப்பெயரைப் பெற்றது. இது ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேர 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேர 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். தேர்ச்சிக்கு 33 விழுக்காடு தேவை. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறும். தாமே தேதியைத் தேர்ந்து எழுதும் வேண்டுதல் தேர்வு முறையும் உண்டு. வீட்டில் கற்போர் பலர் இவ்வழியை நாடுவதற்கு இந்த நெகிழ்வே காரணம்.

கேம்பிரிட்ஜ் வாரியம்: ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் தேர்வுகளைத் தனித்தேர்வரை ஏற்கும் மையங்களில் எழுதலாம். கட்டணம் மிகுதி; மையங்களும் பெருநகரங்களிலேயே கூடுதலாக உள்ளன.

செய்முறைத் தேர்வு

வீட்டில் கற்போருக்குக் கடினமானது எழுத்துத் தேர்வைவிடச் செய்முறைத் தேர்வே. மாநில வாரியத்தின் பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துக்கும் 25 மதிப்பெண் செய்முறைக்கும் ஒதுக்கப்படுகின்றன. தனித்தேர்வர் இதற்காக முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குச் செல்ல வேண்டும். இந்தப் பதிவு அறிவிப்பு, தேர்வு விண்ணப்ப அறிவிப்புக்குப் பல மாதங்கள் முன்னரே வந்துவிடுகிறது. அதைத் தவறவிட்டவர் அந்த ஆண்டுத் தேர்வையே இழக்க நேரும். திறந்தநிலைப் பள்ளியிலும் அறிவியல் பாடங்களுக்கு ஆய்வகத் தேர்வு உண்டு.

செஞ்சியிலிருந்து

செஞ்சி ஒரு வட்டத் தலைநகர். நெல் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. இங்கிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மாநில வாரியத் தேர்வுகள் மாவட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். திறந்தநிலைப் பள்ளியின் மண்டல அலுவலகம் சென்னையில் உள்ளது. அதன் படிப்பு மையமும் தேர்வு மையமும் எங்கு ஒதுக்கப்படும் என்பதைச் சேரும்போதே கேட்டறிய வேண்டும்.

கற்பதற்கு இவ்வூரில் குறைவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைத்த செஞ்சிக் கோட்டை, மராத்தியர் காலக் கோட்டைகளுள் ஒன்றாக 2025இல் யுனெசுகோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிவாஜி இதைக் கைப்பற்றிய 1677ஐயும், தேசிங்கு ராஜன் போரில் இறந்த 1714ஐயும் மதிலின் மேல் நின்றே ஒரு பிள்ளை கற்கலாம். நெற்களஞ்சியத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டுக் கணிதமும் கற்கலாம். ஆனால் பொதுத் தேர்வு பாடநூலின் வரிசைப்படி கேட்கும். குறித்த நேரத்துக்குள் எழுதச் சொல்லும். எனவே தேர்வுக்கு ஓராண்டு முன்பிருந்தாவது பழைய வினாத்தாள்களை எழுதிப் பழகுவது தேவைப்படுகிறது.

தேர்ச்சி பெற்றும் கிடைக்காத சலுகைகள்

சில வாய்ப்புகள் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. பள்ளியில் படித்த ஆண்டுகளையே பார்க்கின்றன. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பள்ளிக்குச் செல்லாமல் தனித்தேர்வராக எழுதியவர்களுக்கு அது பொருந்துவதில்லை. வீட்டில் தமிழிலேயே படித்து, தமிழிலேயே தேர்வெழுதி, முழு மதிப்பெண் பெற்றாலும் இந்த நிலை மாறாது. அரசுப் பள்ளி அருகிலேயே இருக்கும் செஞ்சிப் பகுதிக் குடும்பம் ஒன்றுக்கு இது சிறிய இழப்பன்று.

மருத்துவச் சேர்க்கையில் மட்டும் தடை நீங்கியுள்ளது. திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் தேர்வு எழுதுவதைத் தடுத்த விதியைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது. ஏற்கப்பட்ட திறந்தநிலைப் பள்ளிகளில் படித்தோர் நீட் எழுதத் தகுதியுடையவர்கள் என்ற நிலை 2024இல் உச்ச நீதிமன்றத்திலும் உறுதியானது.

கவனிக்க வேண்டியவை

வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்த குடும்பம் பிள்ளைக்கு 12 வயது ஆவதற்குள் எந்த வாரியம் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார் ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பொறியியல் படிக்க விரும்புவோர் மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் எடுக்க வேண்டும். அரசுப் பணியை நாடுவோர், தாம் பெறும் சான்றிதழ் மாநில வாரியச் சான்றிதழுக்கு இணையாக ஏற்கப்படுகிறதா என்பதை அந்தந்தப் பணி அறிவிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.