வெண்பலகையைத் தூக்கி எறிய வேண்டாம்

2025 மார்ச் 23ஆம் தேதி கேஎல்ஐஏ விமான நிலையத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. ஊழியர்கள் வெண்பலகையில் மார்க்கர் பேனாவால் விமான நேரங்களை எழுதும் படங்கள் நம் கைப்பேசிகளில் வலம் வந்தன. இரண்டு நாள் கழித்துப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் விவரம் சொன்னார்: ஊடுருவிகள் கேட்டது 1 கோடி அமெரிக்க டாலர். நம் பணத்தில் 4 கோடி ரிங்கிட்டுக்கும் மேல். ஐந்து விநாடிகூட யோசிக்காமல் அவர் மறுத்துவிட்டார்.

அது செயற்கை நுண்ணறிவால் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. அந்த வெண்பலகைக்காகவே இதை நினைவூட்டுகிறேன்.

ஏஐ வந்ததும் திருடனுக்குக் கூடியிருப்பது வேகம். எப்படி என்று பாருங்கள். நம் தாமான்களில் வரிசை வீடுகள் எல்லாம் ஒரே வரைபடத்தில் கட்டியவை. ஒருவர் தம் வீட்டுப் பின்சுவரில் ஓரிடத்தில் மட்டும் புதுச் சிமெண்டு பூசுகிறார். அதைப் பார்க்கும் திருடன், மற்ற வீடுகளிலும் அதே இடம்தான் பலவீனம் என்று புரிந்துகொள்வான். மென்பொருளும் இப்படித்தான். ஓட்டையை அடைக்கத் தயாரிப்பாளர் ஒரு திருத்தம் வெளியிடுகிறார். பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டால் மாறிய இடம் தெரியும், ஓட்டை அங்கேதான். இந்த ஒப்பீட்டுக்கு முன்பு தேர்ந்த நிபுணரும் பல நாள்களும் தேவைப்பட்டன. ஏஐ அந்தக் காலத்தைச் சுருக்குகிறது.

நாம் அதே வேகத்தில் சுவரைப் பூச முடியுமா? வீட்டுக் கணினியில் முடியும். நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் பம்புகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் பல ஆண்டுகள் ஓயாமல் ஓடுபவை. திருத்தம் போட வேண்டுமானால் பம்பை நிறுத்த வேண்டும். பம்பு நின்றால் குழாயில் தண்ணீர் நிற்கும். அதனால் தள்ளிப்போடுகிறார்கள்.

2025 நவம்பரில் அந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சீன அரசின் ஆதரவு பெற்றதாக அது கருதும் குழு ஒன்று, அதன் கிளாட் கருவியையே ஏமாற்றி, 'இது பாதுகாப்புச் சோதனைதான்' என்று நம்பவைத்து, ஏறக்குறைய 30 நிறுவனங்களைக் குறிவைத்ததாம். வேலையில் 80 முதல் 90 விழுக்காட்டை ஏஐயே செய்தது. வெற்றி கிடைத்தது சில இடங்களில்தான். கிடைக்காத கடவுச்சொல்லைக் கிடைத்துவிட்டதாக அது கதைவிட்டதும் உண்டு! சிரிப்பு வந்தாலும் அதை நம்பி இருந்துவிட முடியாது.

நம் நாட்டில் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்டு 26 முதல் நடப்பில் உள்ளது. மின்சாரம், நீர், போக்குவரத்து, வங்கி, சுகாதாரம் உள்ளிட்ட 11 துறைகள் இதில் அடங்கும். தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் தர வேண்டும். இடர் மதிப்பீடு ஆண்டுக்கு ஒரு முறை. தணிக்கை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. ஏஐயின் வேகத்துக்கு இரண்டு ஆண்டு மிக நீண்ட இடைவெளி என்பது என் கருத்து.

தொழில்நுட்ப வேலிகள் வேண்டும்தான். அலுவலக மின்னஞ்சல் ஓடும் வலையமைப்பும் இயந்திரங்களை இயக்கும் வலையமைப்பும் ஒட்டாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் ஓர் எழுத்தர் போலிக் கடிதத்தைத் திறந்தாலும் பம்பு தப்பிக்கும். போலிக் கடிதத்தை எழுத்துப்பிழையால் அடையாளம் காணும் காலமும் போய்விட்டது. ஏஐ பிழையில்லாமல் மலாயில் எழுதும், தமிழிலும் எழுதும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும். தரவுகளின் நகல் ஒன்று எந்த வலையமைப்பிலும் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும்.

அத்தனையும் தோற்றால்? 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் கொள்கலன் முனையங்களின் கணினி முடங்கியது. ஏறக்குறைய இரண்டரை நாள் வேலை நின்றது. லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்தன. எந்தக் கொள்கலன் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத்தான் தெரியும்.

மாசாயில் இதை எழுதும்போது எனக்குப் பக்கத்துப் பாசிர் கூடாங் துறைமுகம் நினைவுக்கு வருகிறது. அதைச் சுற்றி மின்நிலையமும் இரசாயன ஆலைகளும் இருக்கின்றன. மாசாயிலிருந்து தினமும் எத்தனையோ பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். வால்வைக் கையால் திருப்பி, அளவுமானியைக் கண்ணால் பார்த்து ஆலையை ஓட்டிய மூத்தவர்கள் ஓய்வு பெற்று வருகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் ஏட்டில் இருக்கிறதா? இளையவர்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது கணினியை அணைத்துவிட்டுப் பயிற்சி எடுக்கிறார்களா?

உங்கள் வீட்டில் அங்கே வேலை செய்பவர் யாராவது இருந்தால், இன்றிரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்: "கணினி மொத்தமாக நின்றுபோனால், கையாலேயே எத்தனை மணி நேரம் சமாளிப்பீர்கள்?"