பிரயாகையும் அலகாபாத்தும்

இராமேசுவரத்தில் எடுத்த மணலைத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வது காசி யாத்திரை போகும் தமிழர்களின் வழக்கம். அவர்களுக்குத் திரிவேணி இருக்கும் ஊர் எப்போதுமே பிரயாகைதான். ரயில் டிக்கெட்டில் மட்டும் அலகாபாத் என்று இருந்தது. காசியில் படித்த பாரதி தேறியது அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில். சங்கல்பத்தில் ஒரு பெயர், சர்க்கார் காகிதத்தில் ஒரு பெயர். இரண்டையும் ஒரே வாயால் சொன்னவர்களுக்கு அதில் எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

பிரயாகை மிகப் பழைய பெயர். ஏழாம் நூற்றாண்டில் அங்கே வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங், ஹர்ஷர் அள்ளி வழங்கிய தானங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அக்பர் சங்கமத்தில் கோட்டை கட்டத் தொடங்கியது 1583-ல். கோட்டையை ஒட்டி வளர்ந்த நகருக்கு இலாஹாபாஸ் என்று பெயர் வைத்தார். அதுவே பின்னாளில் அலகாபாத் ஆனது. நகரம் வளர்ந்த பிறகும் படித்துறைப் பண்டாக்கள் பிரயாகையைக் கைவிடவில்லை. பிரயாக் என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையமும் இருந்தது.

2018 அக்டோபரில் யோகி ஆதித்யநாத் அரசு பெயரைப் பிரயாக்ராஜ் என்று மாற்றியது. அடுத்த மாதமே பைசாபாத் மாவட்டம் அயோத்தியா ஆனது. 2020-ல் அலகாபாத் ஜங்ஷன் பிரயாக்ராஜ் ஜங்ஷனாக மாறியது. பழம்பெயரை மீட்டோம் என்பது ஆதரித்தவர்களின் வாதம். அந்தப் பெயரின் பழமையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கோடிக்கணக்கானவர்கள் கும்பமேளாவுக்கு வரும் இடத்தின் பெயர் அரசுப் பலகையில் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். அதற்காக அலகாபாத்தை ஏன் அழிக்க வேண்டும்? நானூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய அந்தப் பெயர், அங்கே பிறந்து வாழ்ந்து மடிந்த இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சொந்தமானது.

அக்பர் கட்டிய கோட்டைக்குள் ஒரு கல்தூண் நிற்கிறது. அதில் அசோகரின் கட்டளைகள் பிராமியில் இருக்கின்றன. அதே தூணில் சமுத்திரகுப்தரின் வெற்றிகளை அவருடைய அவைப்புலவர் ஹரிஷேணர் சமஸ்கிருதத்தில் பாடி வைத்தார். சமுத்திரகுப்தர் வென்று விடுவித்ததாக அவர் சொல்லும் தென்னாட்டு அரசர்களில் காஞ்சியின் விஷ்ணுகோபனும் ஒருவர். பல்லவ வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் தூணைத் தொடாமல் போக முடியாது. பதினேழாம் நூற்றாண்டில் ஜஹாங்கீர் தன் முன்னோர் பெயர்களைப் பாரசீகத்தில் அதே கல்லில் பொறித்தார். அசோகரின் சில வரிகளைச் சிதைத்துத்தான் அந்த எழுத்து வெட்டப்பட்டது. அந்த இழப்பு இன்றும் வலிக்கிறது. ஆனால் ஜஹாங்கீரின் வரிகளைக் கொத்தி எடுத்துவிட்டால் அசோகரின் வரிகள் திரும்பி வந்துவிடுமா? இன்னொரு இழப்புத்தான் மிஞ்சும்.

பெயர் மாற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். 1921-ல் மறைந்த உருதுக் கவிஞர் அக்பர் அலகாபாதியின் பெயர், உத்தரப்பிரதேச உயர்கல்விப் பணிகள் ஆணையத்தின் இணையதளத்தில் ‘அக்பர் பிரயாக்ராஜி’ ஆகியிருந்தது. இணையதளம் ஊடுருவப்பட்டதாக ஆணையம் சொன்னது. யார் செய்திருந்தாலும், தன் ஊரைத் தன் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்ட ஒரு கவிஞரிடமிருந்து அந்த ஊரைப் பிடுங்கிய செயல் அது.

அந்நியப் படையெடுப்பாளர்கள் வைத்த பெயர்களையெல்லாம் மாற்ற ஓர் ஆணையம் வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு போனது. நீதிபதிகள் கே.எம். ஜோசப்பும் பி.வி. நாகரத்னாவும் அதை ஏற்கவில்லை. பழசைக் கிளறி நாட்டைக் கொதிக்க வைக்க வேண்டாம் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

அலகாபாத் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. உயர் நீதிமன்றம் இன்றும் அலகாபாத் உயர் நீதிமன்றம்தான். சென்னையில் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் இருப்பது போலத்தான் அதுவும். பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பெயரே. 2024 மக்களவைத் தேர்தலிலும் தொகுதியின் பெயர் அலகாபாத்தாகவே இருந்தது. இவற்றில் யாரும் கைவைக்க வேண்டாம். ரயில் நிலையப் பலகையிலும் பிரயாக்ராஜுக்குக் கீழே அலகாபாத் என்று ஒரு வரி எழுதட்டும். அதற்கு அங்கே இடம் இருக்கிறது.