உயிரணு ஊதா நிறமா?

சென்ற தவணையில் நான் கொடுத்த கருத்துணர்தல் பகுதி ஒன்றில், நுண்ணோக்கியில் எடுத்த திசுப் படம் இருந்தது. “டீச்சர், நம்ம உடம்புக்குள்ள எல்லாமே ஊதாவும் ரோஸுமாவா இருக்கும்?” என்று படிவம் 4 மாணவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்!

மெல்லியதாகச் சீவிய திசுவுக்கு ஏறக்குறைய நிறமே கிடையாது. நாம் பார்க்கும் நிறம் சாயத்தினுடையது. அதற்கு முன் பல வேலைகள் உண்டு. உடலிலிருந்து எடுத்த திசு உடனே சிதையத் தொடங்கும். ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்து அதை நிறுத்தி வைக்கும். மென்மையான திசுவை அப்படியே சீவ முடியாது, மெழுகு ஏற்ற வேண்டும். மெழுகு தண்ணீரோடு கலக்காது. அதனால் 70 விழுக்காட்டில் தொடங்கி, படிப்படியாகத் தூய ஆல்கஹால் வரை ஊறவைத்து நீரை வெளியேற்றுவார்கள். ஆல்கஹாலும் மெழுகோடு சேராதே! இரண்டோடும் சேரும் சைலீன்தான் நடுவில் வரும். பதில் எழுதும்போது மாணவர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

உறைந்த மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் சுமார் 4 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். சீவியதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் போகும். கண்ணாடித் தகட்டில் ஏற்றி, மெழுகைக் கரைத்தெடுத்த பிறகுதான் சாயம்.

ஹெமடாக்சிலின், மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து வருவது. படிகாரம் போன்ற உலோக உப்பு சேர்ந்தால்தான் திசுவைப் பற்றும். உட்கருவில் உள்ள டிஎன்ஏ அமிலம். அங்கே போய் ஒட்டி நீல ஊதாவாக்கும். ஈயோசின் அமிலச் சாயம். உட்கருவுக்கு வெளியே உள்ள புரதங்களை ரோஸாக்கும். உட்கரு அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறதா, வடிவம் கெட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் புற்றுநோயைச் சந்தேகிக்கிறார். சாயம் சரியாகப் பிடிக்காவிட்டால் அந்த முடிவே தடுமாறும். ஆகவே, “சாயம் ஏன்?” என்ற கேள்விக்கு “அழகுக்காக” என்று எழுதாதீர்கள், “பகுதிகளை வேறுபடுத்திக் காட்ட” என்று எழுதுங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலும் அயோடினும் போதும். மூடு கண்ணாடியைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். கருப்பு விளிம்போட வட்டமா ஏதாவது தெரிஞ்சா, அதை உட்கருன்னு வரைஞ்சிடாதீங்க, அது காற்றுக்குமிழி.