குளியலறை கீசரும் காற்றுச் சட்டமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கொதிகலன் நிறுவ விரும்பும் ஆலைக்காரர், 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற்றாக வேண்டும். பேட்டையை அடுத்த அடுக்குமாடி வீட்டில் கேஸ் கீசர் மாட்டிக்கொள்பவரையோ எவரும் அவ்வாறு வினவுவதில்லை.

எனினும் வீட்டு உபகரணங்களைச் சட்டம் மறந்துவிட்டது எனக் கருதுவது பிழை. காற்று மாசு கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில், அங்கீகாரம் பெற்ற எரிசாதனங்களையன்றி வேறெவற்றையும் உபயோகிக்கலாகாது என, வாரியத்தைக் கலந்து ஆணையிடும் அதிகாரத்தை 19ஆம் பிரிவு மாநில அரசுக்கு வழங்கியிருக்கிறது. ஆயினும் நடைமுறையில் நம் அடுப்பையும் கீசரையும் கண்காணிப்பவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிகளே. அடுப்புக்குரிய ஐ.எஸ். 4246, எரிந்து வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடின் ஐம்பதில் ஒரு பங்கை மீறலாகாது என்கிறது. சிறு கீசருக்கு ஐ.எஸ். 15558 உண்டு.

மேல்நாடுகளின் கவலை வேறு. சுவாலையின் உஷ்ணத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடிப் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள், குளிர்காலம் முழுதும் வீடுகளைச் சூடாக்கும் நகரங்களின் வாயுமண்டலத்தைக் கெடுப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2018 செப்டம்பர் முதல் எரிவாயு ஹீட்டர்களுக்குக் கிலோவாட்மணிக்கு 56 மில்லிகிராம் என்று வரம்பிட்டது. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி 2023இல், அவ்வாயுக்களை அறவே வெளியிடாத வாட்டர் ஹீட்டர்களை மட்டுமே இனி விற்கலாம் என்று படிப்படியான விதி வகுக்க, தென் கலிபோர்னியாவின் வாரியமோ 2025 ஜூனில் அத்தகைய யோசனையை நிராகரித்தது.

நமக்கோ ஆபத்து நகரத்தின் வானில் இல்லை, நான்கு சுவர்களுக்குள் இருக்கிறது. ஜன்னலடைத்த சிறு குளியலறையில் பிராணவாயு குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, வர்ணமும் வாசனையும் அற்ற கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால், குளிப்பவர் தலைச்சுற்றலை உணரும்போதே எழுந்து கதவைத் திறக்கும் சக்தியை இழந்துவிடக்கூடும். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் டோரண்ட் கேஸ் நிறுவனம் கொண்டுவரும் குழாய் எரிவாயுவுக்கு மாறினாலும் இவ்விபத்துக்கு விலக்கில்லை. காற்றுப் போதாதவிடத்து எந்த எரிவாயுவும் விஷத்தையே தரும்.

ஆதலின் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ கீசர் வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்ப்பதோடு நில்லாமல், கீசரையும் சிலிண்டரையும் காற்றோட்டமுள்ள வெளிப்புறத்தில் அமைத்துக் குழாயில் வெந்நீரை மட்டும் உள்ளே கொணர்வதும், நீலச் சுவாலை மஞ்சளானால் உடனே நிறுத்திப் பழுதுபார்ப்பதும் அவசியம். முத்திரை உபகரணத்தைப் பரீட்சித்ததற்குச் சாட்சியேயன்றி, அது மாட்டப்படும் அறையைப் பரீட்சித்ததற்குச் சாட்சியன்று. அந்த இடைவெளியை நிரப்ப 19ஆம் பிரிவின் அதிகாரத்தை அரசு பிரயோகிக்குமாயின், அது புதுச் சட்டமாகாது, நாற்பதாண்டுகளுக்கு மேலாகக் கையிலிருக்கும் சட்டத்தின் நிறைவேற்றமே ஆகும்.