நரை அணிலுக்கு வழி விடுங்க, சார்!

ஏழாயிரம்பண்ணை என்றால் என்ன ஞாபகம் வரும்? பட்டாசு. சிவகாசி என்றால்? பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். இந்த வெயில் பூமிக்கு மேற்கே, பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு வி.ஐ.பி. குடியிருக்கிறார். நம்மூர்க்காரர்களிலேயே பலர் அவரைப் பார்த்ததில்லை.

பெயர்: சாம்பல் நிற மலை அணில். செல்லமாக நரை அணில். விலாசம்: மரக்கிளை, செண்பகத்தோப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர்.

ராமர் முதுகில் தடவிக்கொடுத்தாரே, அந்த மூணு கோட்டு அணில் இல்லை சார் இது. அதற்குப் பெரியப்பா! எடை ஒன்றரை கிலோவைத் தாண்டும். உடம்பு நீளத்துக்கு ஒரு வால். அதிலும் உடம்பிலும் நரை விழுந்த மாதிரி வெள்ளை முடி. டை அடிக்காத ரிடையர்டு ஹெட்மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் இது கிடையாது. இந்தியாவிலும் ஸ்ரீவில்லிபுத்தூர், பழனி மலை, கேரளத்துச் சின்னாறு, காவிரிக்கரைக் காடு என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. இதற்காகவே 1988-ல் சுமார் 485 சதுர கிலோமீட்டரில் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்ந்து அது புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அணிலுக்குக் கட்டின வீட்டில் புலி பெயரில் போர்டு!

'சரி, எத்தனை அணில் இருக்கு?' என்று கேட்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். கூட்டை எண்ணினால் கணக்கு உதைக்கும். பெரிய மனுஷர்களுக்கு ஊட்டியில் ஒன்று, கொடைக்கானலில் ஒன்று என்று பங்களா இருக்கிற மாதிரி, ஒரே அணில் ஒன்றுக்கு மேல் கூடு கட்டும். அதனால் விடியற்காலையிலேயே காட்டுக்குப் போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, நேரிலும் எண்ண வேண்டும்.

அப்படி அலைந்தவர்களில் முக்கியமானவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்தவர். பிற்பாடு நாடறிந்த வனவிலங்கு நிபுணர். 2024-ல் காலமானார். மனிதர்கள் தரும் தொல்லையால் இந்த அணிலும் அதன் காடும் என்ன பாடுபடுகின்றன என்று அவரும் ஜஸ்டஸ் ஜோஷுவாவும் 1994-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

விஷயம் ரொம்ப சிம்பிள். இந்த அணிலுக்குத் தரை ஆகாது. சாப்பாடு, தூக்கம், பிள்ளைப்பேறு எல்லாம் மேலேதான். கிளையோடு கிளை உரசிக்கொண்டு நிற்கிற மரங்கள்தான் அதற்கு ரோடு. நடுவில் நாலு மரத்தை வெட்டிப் பாருங்கள்... நமக்கு அது வெறும் இடைவெளி. அதற்கோ பாலம் உடைந்த மாதிரி. தரையில் இறங்கித்தான் போகணும். அங்கே நாயும் சிறுத்தையும் காத்திருக்கும்.

ஓடைக்கரையில் வளர்ந்த பெரிய மரங்களும், அடிவாரத்துப் புளியமரமும், மாந்தோப்பும் அதற்கு வீடு, மெஸ் இரண்டுமே. 'மாங்காயைக் கடிச்சுப் போடுதே' என்று தோப்புக்காரர் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. நஷ்டம் அவருக்குத்தானே? ஆனால் அவர் கோபத்தில் மரத்தை வெட்டிவிட்டால் அணிலின் கதை அங்கேயே முடிந்தது. காட்டுக்குள் காவல் போட்டால் மட்டும் போதாது. தோப்புக்காரரையும் அரவணைத்துப் போனால்தான் இந்த அணில் பிழைக்கும்.

அடுத்த லீவுக்கு செண்பகத்தோப்புப் பக்கம் போனால் தீப்பெட்டியையும் டேப்ரிக்கார்டரையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சத்தம் போடாமல் அண்ணாந்து பாருங்கள். மேலேயிருந்து ஒரு நரைத்த வால் தொங்கினால், நீங்கள் அதிர்ஷ்டக்காரர்!